இருபத்து மூன்று கடிகாரங்களும் என் சர்வரும்

11 மார்ச் 2024, திங்கள்

பிறை தெரிந்துவிட்டது. நாளை முதல் நோன்பு. நேற்று விடியலிலேயே நாடு முழுக்க மணி ஒரு மணி நேரம் பின்னே போய்விட்டது. நோன்பு மாதத்துக்கு மட்டும் பழைய மணி, பெருநாள் முடிந்ததும் திரும்பப் புது மணி. அரசாங்கம் சொல்கிறது, நாம் திருகுகிறோம்.

எங்கள் ஆபீஸில் திருகுவது பியூன் பூஷ்தாவின் வேலை. இருபத்து மூன்று சுவர்க் கடிகாரங்கள். ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, அறை அறையாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றையும் திருகிவிட்டு, ஒரு நோட்டில் டிக் போட்டுக்கொள்கிறான். ஐம்பத்தெட்டு வயது மனிதனின் வருஷாந்திர சாதனை இது. இன்று காலை வாசலிலேயே மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான். என்னை எப்போதும் 'லல்லா' என்பான், மேடம் என்கிற மரியாதையில்.

"எல்லாம் ஆச்சு லல்லா. இருபத்து மூணும்."

என் சர்வர் அறையிலும் நுழைந்திருக்கிறான். யாரும் வரக்கூடாது என்று கதவில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். மூன்றும் வீண். கேட்டால், "உள்ள ஒரு கடிகாரம் இருக்கே லல்லா, அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?" என்கிறான்.

நாளை பத்து மணிக்குக் காகிதக் கட்டுகளைக் கொண்டுவா என்றேன்.

"பழைய மணியா, புது மணியா?"

"நேத்துதானே இருபத்து மூணையும் திருப்பின? இப்ப இருக்கறது ஒரே மணிதான். அதுகூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் லல்லா. கேட்டுக்கறது நல்லது பாருங்க."

வருஷம் முழுக்க இதே கேள்வி. இந்த சாஃபித் துறைமுக ஊரில் மீனவர்களும் பள்ளிவாசல்காரர்களும் பூஷ்தாவும் எப்போதும் பழைய மணியில்தான் வாழ்கிறார்கள். அது அவர்கள் தலையெழுத்து, நான் ஏன் தினமும் பதில் சொல்ல வேண்டும்?

சர்வரின் மணியையும் பின்னே தள்ளினேன். என் கையால், பத்து வினாடியில். ஸ்டூல் வேண்டாம், நோட்டு வேண்டாம். 2018 அக்டோபரில், மணி மாறுவதற்கு இரண்டே நாள் முன்னால் அரசாங்கம் "இனி மாறாது" என்று அறிவித்தபோது, ஃபோனும் கம்ப்யூட்டரும் அறிவிப்பைக் கேட்காமல் தாமாக மாறிவிட்டன. பாதி ஆபீஸ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து முழித்தது. அன்றே என் சர்வரில் அந்தத் தானியங்கி வேலையை நிறுத்திவிட்டேன். அதிலிருந்து நோன்புக்கு நோன்பு நானே மாற்றுகிறேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை.

13 மார்ச், புதன்

கேசபிளாங்கா தலைமையகத்திலிருந்து மெயில். கடிதம், அட்டவணை, கப்பல் ஆவணம் எல்லாம் செய்யும் அந்தப் பழைய ஆபீஸ் மென்பொருளின் லைசென்ஸ் 31ஆம் தேதியோடு முடிகிறதாம். புதியதை சர்வரில் நிறுவ வேண்டும். பதினாறு மேஜைகளும் என் ஒரு சர்வரில்தான் ஓடுகின்றன. அது நின்றால் நாங்கள் ஏற்றுமதி செய்யும் மத்தி மீன் டின்கள் துறைமுகத்தில் கிடந்து நாறும் — டின்னுக்குள் இருந்தாலும்.

மெயில் எழுதியவர் நவ்ஃபல் என்கிற இன்ஜினீயர். ஏழு பக்கம் வழிமுறை. "'அடுத்து' என்பதை அழுத்தவும்." அடுத்த வரி: "'அடுத்து' என்பதை அழுத்தவும்." பத்தொன்பது வருஷமாக இந்த சர்வரை நடத்துகிறவளுக்கு எழுதியது இது. படம் வேறு போட்டிருக்கிறார், பொத்தான் எங்கே இருக்கிறதென்று சிவப்பு வட்டத்தோடு.

14 மார்ச், வியாழன்

அடுத்து, அடுத்து, அடுத்து. நீலப் பட்டை நகர்ந்து நகர்ந்து எண்பத்தேழு சதவீதத்தில் நின்றது. நாற்பது நிமிஷம் அப்படியே. பிறகு:

"எதிர்பாராத பிழை. நிறுவல் தோல்வியடைந்தது. உங்கள் நிர்வாகியை அணுகவும்."

நிர்வாகி நான்தான். என்னை நானே அணுகினேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

15 மார்ச், வெள்ளி

மறுபடி. எண்பத்தேழு.

18 மார்ச், திங்கள்

இன்று செய்தவை: ஆன்டிவைரஸை அணைத்தேன். பழையதன் மிச்சம் மீதியைத் துடைத்தேன். ஃபைல் கெட்டிருக்குமோ என்று கேசபிளாங்காவிலிருந்து திரும்ப இறக்கினேன் — அந்தக் கம்பி வழியாக வருவதற்கு மூன்று மணி நேரம், கழுதை வண்டியில் அனுப்பியிருந்தால் சீக்கிரம் வந்திருக்கும். டிஸ்கில் இடம் இருக்கிறது. பாஸ்வேர்ட் சரி. சர்வரை அணைத்து, பத்து எண்ணி, போட்டேன்.

எண்பத்தேழு.

நவ்ஃபலுக்கு ஃபோன் செய்தேன். "மேடம் தூரியா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்றான். இனி இந்த நாட்குறிப்பில் இவனுக்கு 'அவர்' கிடையாது.

கப்பல் ஆவணப் பிரிவு வஃபா கதவருகே வந்து நின்று, "லல்லா, திங்கக்கிழமைன்னீங்க?" என்றாள். எந்தத் திங்கட்கிழமை என்று நான் சொல்லவில்லையே என்றேன். நோன்பில் காப்பி கிடையாது, அதனால்தான் ஊரே இப்படி ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பிடுங்குகிறது. எனக்குக் காப்பி இருந்தாலும் இதே குணம்தான். அது எனக்குத் தெரியும்.

19 மார்ச், செவ்வாய்

நிறுவும்போது மென்பொருள் தானே எழுதிவைக்கும் குறிப்பு ஒன்று உண்டு. மூவாயிரம் வரி. இன்று உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். மனிதன் எழுதியிருந்தால் அவனைப் பிடித்து ஜெயிலில் போட்டிருப்பார்கள், அப்படி ஒரு எழுத்து.

எண்பத்தேழாவது சதவீதத்தில் சர்வர் கேசபிளாங்காவின் பெரிய மெஷினிடம் அனுமதி கேட்கிறது. அங்கே மறுக்கிறார்கள். அந்த இடத்தில் பதினொரு புகார்கள் இருக்கின்றன. ஒன்று: "நேர வித்தியாசம் அனுமதித்த அளவுக்கு மேல்." நேரமா! என் சர்வர் 11:20. நவ்ஃபலைக் கேட்டேன், அவர்கள் மெஷினும் 11:20. சுவரும் 11:20, பூஷ்தாவின் புண்ணியத்தில். மெஷினுக்கும் நோன்பு மயக்கம்போல. அந்த வரியை அடித்துவிட்டு மற்ற பத்தைத் துரத்தினேன்.

21 மார்ச், வியாழன்

நவ்ஃபல் நேரில் வந்தான். முப்பது வயது இருக்கும். கூரான ஷூ, சட்டைப் பையில் இரண்டு ஃபோன், நோன்பு நாளில் ஆளைத் தள்ளும் அத்தர். என் நாற்காலியில் உட்கார்ந்தான் — கேட்காமல்.

அடுத்து, அடுத்து, அடுத்து. எண்பத்தேழு.

"சுவாரசியமா இருக்கே!" என்றான். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை சுவாரசியம். பிறகு அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிற்று. தெரிந்தவனுக்குத் தீரும்போது முகம் சிவக்கும். இவனுக்கு வாய் திறந்தது.

"மேடம், இது எங்க பேக்கேஜ் பிரச்சினை இல்ல. அகாதிர்ல போட்டோம், தான்ஜியர்ல போட்டோம், பத்து நிமிஷம். இங்க லோக்கல்ல யாரோ கை வச்சிருக்காங்க. பேசாம மெஷினயே எங்க கைக்குக் குடுத்துட்டா அங்கேர்ந்தே பாத்துக்கலாம்."

ஓ, அதுதானா விஷயம். மூன்று வருஷமாக கேசபிளாங்காவுக்கு அந்த எண்ணம் இருக்கிறது. சர்வர் அங்கே போனால் எனக்கு இங்கே என்ன வேலை? வஃபாவுக்கு ஸ்டேப்ளர் பின் எடுத்துக் கொடுக்கவா?

சாயங்காலம் பால்கனியில் ஹரீரா சூப்பைக் குடித்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கடல் மூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. பயந்துவிட்டேனா? ஆமாம். எழுதிவைக்கிறேன், வேறு யாரிடம் சொல்வது?

22 மார்ச், வெள்ளி

டைரக்டர் ஸி மெக்வார் கூப்பிட்டார். 'ஸி' என்கிற மரியாதை இல்லாமல் அவர் பெயரை இங்கே யாரும் சொல்வதில்லை. எந்தப் பேப்பரையும் முதல் பக்கத்துக்கு மேல் படிக்காத மனிதர். இரண்டாம் பக்கத்தில் ராஜினாமா எழுதிவைத்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

"தூரியா, கேசபிளாங்கா காரணம் கேக்குது. காரணம்னா எனக்குப் புரியற காரணம். யாரோ கை வச்சாங்கன்னு அந்தப் பையன் எழுதிட்டான். யாரு?"

"யாருமில்ல" என்று சொல்ல வாயெடுத்தேன். யாருமில்லை என்றால் நான்தான். அந்த அறைக்கு இரண்டே சாவி — ஒன்று என்னிடம், இன்னொன்று பூஷ்தாவிடம்.

"மார்ச் பத்தாந்தேதி பூஷ்தா உள்ள போயிருக்கான்" என்றேன். "அனுமதியில்லாம. லீவு நாள்ல. அதுக்கப்புறம்தான் இதெல்லாம்."

பொய் ஒன்றுமில்லையே. ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது.

"எழுதிக் குடுங்க" என்றார். ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுத்தேன்.

25 மார்ச், திங்கள்

பூஷ்தாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் இருந்தேன். அவன் நோட்டைக் கொண்டுவந்திருந்தான். பக்கத்தைத் திறந்து டைரக்டரிடம் நீட்டினான் — இருபத்து மூன்று வரி, இருபத்து மூன்று டிக். பதினேழாவது: 'லல்லா தூரியா அறை'.

"கடிகாரத்த மட்டும்தான் தொட்டேன் ஸிதி. ஸ்டூல நடுவுல போட்டேன், அந்த மெஷினுக்குக் கிட்டகூடப் போகல. அது ஊதற ஊதல் எனக்குப் பயம்."

"ஸ்டூல் பட்டு ஒயர் கியர் ஆடியிருக்கலாமில்ல?" என்றார் டைரக்டர்.

பூஷ்தா என்னைப் பார்த்தான். ஒயர் ஆடவில்லை என்று எனக்குத் தெரியும், முதல் நாளே ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகிப் பார்த்தவள் நான். "இருக்கலாம்" என்றேன்.

நோட்டாம். டிக்காம். அதைக் கொண்டுவந்து காட்டினால் எல்லாரும் கைதட்டுவார்கள் என்று நினைத்திருக்கிறான்.

27 மார்ச், புதன்

முடிவு வந்துவிட்டது. ஏப்ரல் ஒன்றிலிருந்து பூஷ்தா துறைமுகத்தில் ஐஸ் கிடங்கு வாசலில். உட்கார நாற்காலி உண்டு என்றார்கள், கிடங்குக்கு வெளியேதானே என்றார்கள். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது அவனுக்கு. மூட்டு வலி.

அது என் முடிவு இல்லை. நான் ஒரு பக்கம் எழுதினேன், அவ்வளவுதான்.

29 மார்ச், வெள்ளி

பூஷ்தா சாவிகளை ஒப்படைத்தான். ஸ்டூலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். அது அவன் வீட்டு ஸ்டூலாம். எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது, கம்பெனி ஸ்டூல் என்று நினைத்திருந்தேன்.

என் அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்று, "வரேன் லல்லா" என்றான். நான் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். தலையாட்டினேன்.

1 ஏப்ரல், திங்கள்

பழைய மென்பொருளுக்கு 15ஆம் தேதி வரை தவணை கெஞ்சி வாங்கியிருக்கிறார்கள். அதற்குள் நடக்காவிட்டால் சர்வரைப் பெட்டியில் கட்டி கேசபிளாங்காவுக்கு. நவ்ஃபல் புதிதாக ஒரு ஃபைல் அனுப்பினான். "இது கண்டிப்பா." எண்பத்தேழு.

4 ஏப்ரல், வியாழன்

காகிதக் கட்டு கொண்டுவர ஆளில்லை. நானே தூக்கினேன்.

10 ஏப்ரல், புதன்

பெருநாள். அக்கா வீட்டில் சாப்பாடு. "என்னடி, பெருநாளும் அதுவுமா மூஞ்ச இப்படி வச்சிருக்க?" என்றாள். ஒரு மெஷின் எண்பத்தேழு சதவீதத்தில் நிற்கிறது என்றேன். "நூறு மார்க்குக்கு எண்பத்தேழு நல்ல மார்க்குதானே?" என்றாள். இந்தக் குடும்பத்தில் நான் எப்படிப் பிறந்தேன்?

15 ஏப்ரல், திங்கள்

ஒழுங்காக எழுத வேண்டும். நடந்த வரிசையிலேயே.

நேற்று விடியலில் நாடு புது மணிக்குத் திரும்பிவிட்டது. இன்று காலை ஆபீஸுக்குப் போனால் இருபத்து மூன்று கடிகாரங்களும் பழைய மணியிலேயே நிற்கின்றன. திருப்ப ஆளில்லை. டைரக்டர் சுவரைப் பார்த்துவிட்டு ஒரு மீட்டிங்குக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனார். வஃபா தன் கைக்கடிகாரத்தைத்தான் பழுதென்று நினைத்தாள். சிரித்தேன். இதற்குக்கூட ஒரு பூஷ்தா தேவையா உங்களுக்கு என்று நினைத்தேன்.

பிறகு சர்வரின் மணியை முன்னே தள்ளினேன். வழக்கம்போல், என் கையால், பத்து வினாடி.

கடைசி நாள் ஆயிற்றே, பெட்டியில் கட்டுவதற்கு முன் ஒருமுறை என்று இன்ஸ்டாலைப் போட்டேன். அதே ஃபைல். மார்ச் பதினான்காம் தேதி போட்ட அதே பழைய ஃபைல்.

எண்பத்தேழு. எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது — நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன் — நூறு. "வெற்றிகரமாக நிறுவப்பட்டது."

ஆபீஸே கத்திற்று. வஃபா கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். நவ்ஃபல் ஃபோனில், "சொன்னேன்ல மேடம், என் புது ஃபைல்!" என்றான். உன் ஃபைலை நான் தொடவே இல்லையடா மடையா.

டைரக்டர் ஓடிவந்தார். ஏலக்காய் போட்ட காப்பியோடு. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாத்தீங்களா? அவன அனுப்பினோம், சரியாயிடுச்சு. நீங்க எழுதினது நூத்துக்கு நூறு சரி, தூரியா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பழைய மணியிலேயே நின்றது. திரையில் புது மணி. காப்பியை மேஜையில் வைத்துவிட்டு அந்தப் பழைய குறிப்பைத் திரும்ப எடுத்தேன்.

இதே நாள், சாயங்காலம்

தெரிந்துவிட்டது. நவ்ஃபல் மாதிரி ஆளுக்கும் புரியும்படி எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அந்த ஆள் நான்தான்.

சர்வரிடம் மணி கேட்டால் அது இரண்டு விஷயம் சொல்லும். ஒன்று, மணி எத்தனை என்று. இன்னொன்று, அது எந்தக் கணக்கில் என்று: பழைய மணியா, புது மணியா. 2018-இல் நான் அதைப் புது மணிக் கணக்கில் பூட்டிவைத்தேன். அப்புறம் நோன்புக்கு நோன்பு முள்ளை மட்டும் பின்னே தள்ளினேன். கணக்கை மாற்றவில்லை. ஆக நோன்பு மாதத்தில் என் சர்வர் "மணி பத்து, புது மணியில்" என்கிறது. கேசபிளாங்கா மெஷின் "மணி பத்து, பழைய மணியில்" என்கிறது. முகத்தைப் பார்த்தால் இரண்டும் பத்து. நிஜத்தில் ஒரு மணி நேரம் வித்தியாசம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் தள்ளியிருக்கும் மெஷினை அது நம்பாது, அனுமதி தராது.

இத்தனை நோன்பும் என் சர்வர் ஒரு மாதம் முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க ஆளில்லாததால் தெரியவில்லை. இந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு மெஷின் கேட்டது. பூஷ்தா வருஷம் முழுக்கக் கேட்ட அதே கேள்வியை.

குறிப்பில் எழுதியும் இருந்தது. நேர வித்தியாசம் என்று. அடித்தேன்.

ஸ்டூல் இல்லாமல் திருகினேன் என்று பெருமை. பூஷ்தாவின் கடிகாரத்துக்கு முகம் மட்டும்தான் உண்டு, அதைத் திருகினால் வேலை முடிந்தது. என் மெஷினுக்கு முகத்துக்குப் பின்னாலும் ஒன்று இருந்தது. அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். நான் அவர் வேலையை என் மெஷினில் செய்தேன், அதையும் அரைகுறையாக. பத்தொன்பது வருஷம்! மூன்று மொழியில் போர்டு!

சீ.

16 ஏப்ரல், செவ்வாய்

சொல்லாமலும் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. நவ்ஃபலுக்கு இன்னும் நூறு வருஷமானாலும் தெரியாது. சர்வர் என்னிடமே இருக்கும். அடுத்த நோன்புக்குள் அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் தடயமே இல்லை.

சொன்னால் கேசபிளாங்கா அன்றைக்கே பெட்டியோடு வரும்.

நாள் முழுக்க இதே. வஃபா வந்து, புது மென்பொருள் அழகாக இருக்கிறது என்றாள்.

17 ஏப்ரல், புதன்

ஐஸ் கிடங்குக்குப் போனேன். நாற்காலி இருக்கிறது, உண்மைதான். மூன்றரைக் கால். வாசலில் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் ரப்பர் செருப்புக்குள் காலில் இரண்டு ஜோடி காலுறை. மடியில் அந்த நோட்டு — இப்போது அதில் வண்டி எண்களுக்கு டிக்.

எல்லாவற்றையும் சொன்னேன். மணி, கணக்கு, எண்பத்தேழு. இடையில் நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும், "அப்ப ஒயர் ஆடல" என்றார்.

"ஆடல."

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"ஒயர் ஆடலன்னு தெரியும்."

ஒரு வண்டி வந்தது. எழுந்து போய் எண் குறித்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"டைரக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்ட—"

"எங்கிட்ட எதுக்கு லல்லா? நான் தொடலன்னு எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அடுத்த வண்டியின் எண்ணைக் குறிக்க நோட்டைத் திறந்தார். தேநீர் கொடுக்கவில்லை, மன்னிக்கவில்லை, திட்டவுமில்லை. எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போயிருக்கிறேன் பாருங்கள், என்ன ஜென்மம் நான்.

18 ஏப்ரல், வியாழன்

டைரக்டரிடம் சொன்னேன். மணிக்கணக்கு ஆரம்பித்ததுமே கண்ணை மூடிவிட்டார்.

"தூரியா, வேலை முடிஞ்சுது. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. இப்பப் போய் தப்பான ஆள அனுப்பிட்டோம்னு கேசபிளாங்காவுக்கு எழுதினா அசிங்கம் யாருக்கு? எனக்கு. கொஞ்ச நாள் போகட்டும், அவனுக்கு ஒரு நல்ல நாற்காலி அனுப்பலாம்."

நல்ல நாற்காலி.

"நானே எழுதறேன்" என்றேன்.

"எழுதினா மெஷின எடுத்துட்டுப் போயிடுவாங்க, யோசிச்சுக்கங்க."

யோசித்தாயிற்று. இரண்டு நாளாக அதைத்தானே செய்கிறேன்.

19 ஏப்ரல், வெள்ளி

எழுதினேன். கேசபிளாங்காவுக்கு, டைரக்டருக்குப் பிரதி, நவ்ஃபலுக்குப் பிரதி. நான்கு பக்கம். பிறகு அழித்து ஒரு பக்கமாக எழுதினேன், படிக்க வேண்டுமே. முதல் வரி: "நிறுவல் தோல்விக்குக் காரணம் நான். பூஷ்தா அல்ல."

அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம். அழுத்தினேன்.

22 ஏப்ரல், திங்கள்

நவ்ஃபலின் பதில்: "சுவாரசியம்!"

6 மே, திங்கள்

சர்வரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். எனக்குத் தெரியாத பாஸ்வேர்ட். இனி எல்லாம் அங்கிருந்தே. எனக்கு 'ஆவண ஒருங்கிணைப்பாளர்' என்று பெயர். வஃபாவின் மேஜைக்குப் பக்கத்து மேஜை. ஸ்டேப்ளர் பின் என்று எழுதினேனே, இரண்டாவது டிராயரில் இருக்கிறது.

பூஷ்தா பற்றி இன்னும் பதில் இல்லை. மறுபடி எழுதினேன்.

20 மே, திங்கள்

மறுபடி எழுதினேன். தலைமையகம் என்பது காது இல்லாத மிருகம், வால் மட்டும் ஆடும்.

3 ஜூன், திங்கள்

ஆறாவது மெயில். இந்த முறை அந்த ஐஸ் கிடங்கு நாற்காலியின் படத்தை இணைத்தேன். சிவப்பு வட்டம் போட்டு, உடைந்த கால் எங்கே இருக்கிறதென்று. நவ்ஃபலிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான்.

20 ஜூன், வியாழன்

ஹஜ் பெருநாள் லீவு முடிந்து போனால் வாசலில் ஸி பூஷ்தா. ஸ்டூலோடு. எல்லாரும் சூழ்ந்துகொண்டு கன்னத்தில் முத்தமிடுகிறார்கள். நானும் போனேன். கை கொடுத்தார். அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் காகிதக் கட்டு வந்தது. சொல்லாமலே.

23 பிப்ரவரி 2025, ஞாயிறு

அடுத்த வாரம் நோன்பு. விடியலில் மணி பின்னே போயிற்று. பெட்டியில் கட்டி கேசபிளாங்காவுக்குக் கொண்டுபோன என் சர்வர் தானாகவே மாறிக்கொண்டதாம், முகமும் கணக்கும் சேர்த்து. நவ்ஃபல் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறான், படத்தோடு.

லீவு நாள்தான். ஆபீஸுக்குப் போனேன். ஏன் போனேன்? தெரியாது, போனேன்.

ஸி பூஷ்தா பதினாறு முடித்திருந்தார். பதினேழாவதுக்கு வந்தார் — என் பழைய அறை. மெஷின் போய்விட்டது, ஊதல் இல்லை. மூன்று மொழி போர்டு மட்டும் கதவில் இன்னும் தொங்குகிறது. ஸ்டூலை நடுவில் போட்டார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"நான் ஏறட்டுமா ஸி பூஷ்தா?" என்றேன்.

நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு ஸ்டூலின் ஒரு காலைத் தன் செருப்பால் மிதித்துப் பிடித்துக்கொண்டார். ஏறினேன். ஆடுகிறது அந்த ஸ்டூல், ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா? கடிகாரத்தை இறக்கினேன். பின்னால் தூசி. திருகியைப் பிடித்தேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதை மாற்றினேனா இல்லையா என்று சந்தேகமாகிவிட்டது.

"மணி என்ன இப்ப?" என்றேன்.

"பத்தரை."

"பழைய மணியா, புது மணியா?"

கீழே நோட்டைத் திறந்து பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அதுகூடத் தெரியாதா லல்லா உங்களுக்கு?"